காணி உறுதியும் பட்டச் சான்றிதழும்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் எம்மவர் இல்லங்களில் ஒரே காட்சி நிகழ்கின்றது. பிள்ளை சித்தியடைந்திருக்கிறாள். பல்கலைக்கழகம் புகுவதற்குரிய தகுதியும் பெற்றிருக்கிறாள். ஆயினும் வெட்டுப்புள்ளி அவளுக்கு மேலே நிற்கின்றது. மதிற்சுவரிலும் பத்திரிகையிலும் கைத்தொலைபேசியிலும் விளம்பரங்கள் அழைக்கின்றன: வெளிநாட்டுப் பட்டம்; மூன்றே ஆண்டு; தவணை முறையில் கட்டணம். தகப்பனார் இரண்டு நாள் யோசிக்கிறார். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து காணி உறுதியை வெளியே எடுக்கிறார்.

அத் தகப்பனாரை நாம் பழிக்கவில்லை. கல்விக்காகக் காணியை ஈடு வைத்த சமூகம் எமது சமூகம். புகையிலையும் வெங்காயமும் விற்ற காசிலேதான் எம்மிடையே எத்தனையோ நியாயவாதிகளும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் உருவாயினர். ஆனால் முதுசக் காணியை விற்றுக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பது கல்விதானா, அன்றேல் கல்வியின் பெயரால் நடைபெறும் வெறும் கொள்வனவா என்று கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது. "புதுமை" என்றும் "உலகத் தரம்" என்றும் முரசு முழங்கும்போது, எது புதுமை, எவருக்காகப் புதுமை என்று வினவுவது எமது கடமை.

நெருக்கடியின் கணக்கு

இந் நாட்டில் பல்கலைக்கழகம் புகும் தகுதியை ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பெறுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. அந்த இடங்களும் திறமை ஒன்றினால் மட்டும் பங்கிடப்படுவதில்லை. நூற்றுக்கு 40 திறமைக்கு. 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கு. எஞ்சிய 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது விதி. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் எமது மாணவர் தலைமுறை ஒன்றின் நெஞ்சிலே பதித்த வடு இன்னும் ஆறவில்லை. ஆயினும் இன்றைய நெருக்கடி தமிழருக்கு மட்டும் உரியதன்று. மாத்தறையிலும் குருநாகலிலும் இதே கதவு மூடுகின்றது. இதே பெட்டி திறக்கின்றது.

ஆதலின் தனியார் உயர்கல்வி வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் காலங்கடந்த வாதம். அது வந்துவிட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு 1985இல் செய்யப்பட்ட திருத்தம், பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனங்களும் அங்கீகாரம் பெற்றுப் பட்டம் வழங்கலாம் என வழி திறந்தது. 1999இல் தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தோன்றிய நிறுவனம் தொடங்கி, இன்று அத்தகைய நிலையங்கள் பல கொழும்பிலும் அதன் அயலிலும் நிமிர்ந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலும் அவற்றின் கிளைகள் வேர்விடுகின்றன. 2017 முதல் அரசாங்கமே வட்டியில்லாக் கடன் கொடுத்து மாணவரை அங்கே அனுப்புகின்றது.

இந் நிலையில் இரு சாரார் உரத்துப் பேசுகின்றனர். தனியார் கல்வி என்றாலே இலவசக் கல்விக்குப் படுகுழி என்கின்றனர் ஒரு சாரார். பணம் உள்ளவன் வாங்குகிறான், கட்டடம் உள்ளவன் விற்கிறான், இடையில் உமக்கு என்ன வேலை என்கின்றனர் மறு சாரார். இரு சாராரும் ஒரு கேள்வியை விட்டுவிடுகின்றனர். கலாசாலையின் பணப்பை எவர் கையில் இருக்கின்றது? அக் கலாசாலை எவருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றது? தனியார் கல்வியின் நன்மையும் தீமையும் புதுமையும் போலியும் இக் கேள்விக்கான விடையிலேயே தங்கியுள்ளன என்பது எமது துணிபு.

புதுமை என்று விற்கப்படும் பழமை

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பட்டம் பெறலாம் என்பது ஏதோ நேற்றுப் பிறந்த அதிசயம் போல விளம்பரப்படுத்தப்படுகின்றது. லண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவருக்குத் திறந்துவிட்ட ஆண்டு 1858. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, லண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. எமது பாட்டன்மார் பகலில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் உழைத்து, இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னிருந்து அதே பட்டத்தைப் பெற்றனர். கடிதத்தில் வந்த பாடம் இன்று கணினியில் வருகின்றது. வேகம் கூடிற்று, வசதி கூடிற்று. அவை நல்லவையே. ஆயினும் கருவி மாறுவது ஒன்று. கல்வி மாறுவது வேறொன்று. குளிரூட்டிய மண்டபமும் கண்ணாடிக் கதவும் கல்வியில் நேர்ந்த புதுமை ஆகா.

அப்படியாயின் மெய்யான புதுமை எங்கே உண்டு? அதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. வட்டுக்கோட்டைக்கும் மானிப்பாய்க்கும் போனால் போதும்.

வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கலாசாலையைத் தொடங்கினர். அரசாங்கம் நடத்திய நிலையமன்று அது. இன்றைய சொல்லிற் கூறின் தனியார் உயர்கல்வி நிறுவனம். மதம் பரப்பும் நோக்கம் அதற்கு இருந்தது. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதன் முதல் அதிபர் டானியல் பூவர் காலத்தில் அங்கே நடந்தது யாது? ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கியமும் இலக்கணமும் கற்பிக்கப்பட்டன. மேனாட்டுக் கணிதமும் வானசாத்திரமும் பௌதிகமும் தமிழ்ச் சிறுவருக்குப் பாடமாயின. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் பிறந்த 1857ஆம் ஆண்டுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் முந்திய செய்தி இது. அச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவர், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. ஏட்டுச் சுவடிகளில் அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களை ஒப்புநோக்கி அச்சிலேற்றிய தாமோதரம்பிள்ளையின் அறிவு முறை, அங்கே கற்ற மொழியறிவும் கணித ஒழுங்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்று கூறுவது மிகையாகாது.

இனி மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். கற்றுத் தேறியோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வதைக் கண்டார். கிராமத்து நோயாளி முன்போலவே கைவிடப்பட்டுக் கிடந்தான். அப்போது அவர் செய்ததே புதுமை. 1864 முதல் வைத்தியக் கல்வியைத் தமிழில் நடத்தத் துணிந்தார். உடற்கூற்றியலும் சத்திர வைத்தியமும் பிரசவ வைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாயின, கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை அவர் பயிற்றினார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தொடங்கியதோ 1870இல்தான்.

கிறீனின் செயலை ஊன்றி நோக்குக. பட்டத்தின் விலையை அவர் எண்ணவில்லை. வைத்தியன் எங்கே இல்லை, அங்கே வைத்தியன் நிலைத்து நிற்பதற்கு என்ன மொழியில், எந்த முறையில், எவ்வகை மாணவனுக்குக் கற்பிக்க வேண்டும் என்று எண்ணினார். ஊரின் குறையை முதலில் பார்த்துப் பாடத்தை அதற்கேற்ப அமைப்பதுதான் கல்வியிற் புதுமை. இன்றைய தனியார் நிலையங்களில் எத்தனை, எமது ஊர்களின் குறையை எண்ணித் தம் பாடத்தை அமைத்திருக்கின்றன? பெரும்பாலானவை முகாமைத்துவம், கணினி, கணக்கியல் என்று எளிதில் விற்பனையாகும் பொருள்களையே அடுக்கி வைத்துள்ளன. அவை தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. அவை மட்டுமே போதும் என்பதைத்தான் ஏற்க மறுக்கின்றோம்.

பணப்பை எவருடையது?

இத்துணைச் சிறப்புடைய வட்டுக்கோட்டைக் கலாசாலைக்கு நேர்ந்தது என்ன? 1855இல் அது மூடப்பட்டது. மாணவர் குறையவில்லை, புகழ் மங்கவில்லை. ஆங்கிலம் கற்றோர் உத்தியோகத்துக்குப் போகின்றனரே அன்றிச் சபையின் ஊழியத்துக்கு வருகின்றார்களில்லை என்று அமெரிக்காவிலிருந்த தலைமைப்பீடம் கருதிற்று. அதன் தூதுக் குழு வந்தது; கதவு சாத்தப்பட்டது. பணம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே முடிவும் வந்தது. யாழ்ப்பாணத்தார் சொல்வதற்கு இடமிருக்கவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே இடத்தில் எழுந்தபோது ஊரவரின் வேட்கை அதன் பின்னே நின்றது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பியபின் தமிழ் வைத்தியக் கல்வியும் தளர்ந்து நின்றுபோயிற்று. தாங்கி நிற்க முதல்நிதி இல்லாத எந்த நற்பணியும் ஒரு மனிதரின் ஆயுளோடு முடிந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதற்கு மாறான ஒரு காட்சி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் தமது செல்வத்தைக் கொண்டு நிறுவினார். அவர் மறைந்தது 1930இல். அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1974இல், பரமேசுவராவின் வளவிலேதான் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. அதன் பிறப்பையொட்டி அன்று எழுந்த அரசியற் சச்சரவு வேறு கதை. எமது பல்கலைக்கழகம் கால் பதித்த நிலம் ஒரு தனி மனிதர் தருமமாக ஈந்த நிலம் என்பதே இங்கு நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. தனியார் கொடை அரச கல்விக்குப் பகையாகவில்லை; அதற்கு அடித்தளமாயிற்று.

இனிக் கட்டணத்தையே முதலாகக் கொண்டெழுந்தவற்றின் கதையைக் காண்போம். 1981இல் ராகமையில் தொடங்கிய வடகொழும்பு மருத்துவக் கல்லூரி கட்டணம் பெற்று மாணவரைச் சேர்த்தது. அரச மாணவர் கொதித்தெழுந்தனர். நாடே தீப்பற்றி எரிந்த 1989இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. பின்னர் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரியின் கதையும் அவ்வாறே நடந்தது. பயிற்சிக்குப் போதிய நோயாளர் உண்டா, பட்டதாரிகளை மருத்துவ சபை பதிவு செய்யுமா என்ற வழக்குகளும் வேலை நிறுத்தங்களும் ஆண்டுக் கணக்கில் நீடித்தன. 2017இல் அதனைக் கலைப்பதென அரசாங்கம் முடிவு செய்தது. மறு ஆண்டு மாணவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். பட்டதாரிகளின் பதிவுக்கு உயர்நீதிமன்றமே தீர்ப்பளிக்க நேர்ந்தது.

இச் சச்சரவுகளில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. இரண்டிலும் நடுத்தெருவில் நின்றவர் மாணவரும் பெற்றோருமே. பொதுமக்கள் நம்பிக்கையைப் பெறாத கலாசாலை எத்துணை உயரமான மாடியில் இருந்தாலும் மணல்மேல் இருக்கும் கலாசாலையே. அந்த நம்பிக்கையோ கட்டணத்தால் வருவதன்று. ஏழை மாணவனும் உள்ளே நுழையும் வாயில் திறந்திருந்தால் வருவது.

இரு கலாசாலைகள்

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பார் சிலர். அவர்களுக்கு இரு தேசங்களின் உண்மை நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், 1855இல் தோன்றிய பெரேயாக் கல்லூரி ஒரு தனியார் கல்லூரி. 1892 முதல் அது எந்த மாணவனிடமும் கல்விக் கட்டணம் பெற்றதில்லை. வறிய குடும்பத்துப் பிள்ளைகளையே பெரும்பாலும் சேர்க்கின்றது. ஒவ்வொரு மாணவனும் படிப்போடு வாரத்தில் குறித்த மணி நேரம் தோட்டத்திலோ தச்சுப் பட்டறையிலோ அலுவலகத்திலோ வேலை செய்தல் வேண்டும். இது எப்படி இயன்றது? 1920இல் அக் கல்லூரி ஒரு விதி செய்துகொண்டது. மரண சாசனத்தால் நிபந்தனையின்றி வரும் கொடையை உடனே செலவிடாது முதல்நிதியிற் சேர்த்து, அதன் வருவாயை மட்டும் செலவிடுவது என்பதே அவ் விதி. நூறாண்டுச் சிக்கனம் இன்று அதனை எவர் தயவுக்கும் காத்திராத கலாசாலையாக்கி விட்டது.

மற்றையது எமது கமக்காரர் கேட்டு மகிழத்தக்கது. மத்திய அமெரிக்காவின் கொஸ்தாரிக்காவில் 1990இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கிய ஏர்த் பல்கலைக்கழகம், விவசாயத்துக்கென்றே அமைந்த தனியார் பல்கலைக்கழகம். இலாபம் ஈட்டும் நிறுவனமன்று. அதற்கெனச் சொந்த வாழைத்தோட்டம் உண்டு. மாணவர் முதலாண்டிலேயே மண்வெட்டி பிடிக்கின்றனர். சிலர் கூடி ஒரு சிறு தொழிலைத் திட்டமிட்டு, பல்கலைக்கழகத்திடமே கடன் பெற்று, விளைவித்து, விற்று, கடனைத் தீர்த்து, இலாபத்தைப் பகிர்ந்துகொள்வது அவர்களுடைய பாடத்தின் ஒரு பகுதி. கணக்கு எழுதவும் நட்டத்தைத் தாங்கவும் அவர்கள் கற்பது இவ்வாறே. பெருந்தொகையானோர் உதவி நிதி பெற்றுப் படிப்பவர். பின்தங்கிய நாட்டுக் கிராமப் பிள்ளைகள்.

எமது மண் கேட்கும் கலாசாலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நீரே குடிநீர். அதுவே தோட்டத்துக்கும் நீர். அந் நீரிலே உரத்தின் நைத்திரேற்று கலக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உவர் ஏறுகின்றது. வன்னியில் குளத்தை நம்பிய நெல், தீவகத்தில் கடலை நம்பிய வாழ்வு, எங்கும் பனை. இவை ஒவ்வொன்றும் ஒரு கல்வித்துறை. நிலத்தடி நீரை அளந்து பங்கிடத் தெரிந்தவன், வெங்காயத்தைப் பழுதாகாமல் ஆறு மாதம் வைத்திருக்கும் வழி கண்டவன், மீனைப் பதப்படுத்தி நல்ல விலைக்கு அனுப்பத் தெரிந்தவன், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைத் திருத்தமாய் எழுதத் தெரிந்தவன் ஆகியோரை உருவாக்கும் கலாசாலையே எமக்கு இன்று தேவை.

கிளிநொச்சியில் எமது பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றதே என்பர். இருக்கின்றது, அது எமது பெருமை. அதனோடு போட்டியிட வேண்டும் என்பது எம் கருத்தன்று. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற கமக்காரன் மகனும் மகளும் கற்கும் இடம் எங்கே? நாற்பது வயதுக் கமக்காரர் மாலை வேளையில் வந்து மூன்று மாதம் கற்று, அடுத்த போகம் முடிந்தபின் மீண்டும் வந்து தொடர்ந்து, ஆண்டுகள் சிலவற்றில் பட்டயமோ பட்டமோ பெற வழி எங்கே? அரசாங்கப் பல்கலைக்கழகம் தன் விதிகளுக்குக் கட்டுப்பட்டது; இதனை விரைந்து செய்ய அதனால் இயலாது. சிறிய தனியார் கலாசாலைக்கு இயலும். தனியார் கல்வியின் சிறப்பு இதுவே: சிறிதாகத் தொடங்கலாம், பிழைத்தால் திருத்தலாம், போகத்துக்கேற்பத் தவணையை அமைக்கலாம்.

வேறொரு காரணமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை விதிக்கப்பட்டதை எமது கமக்காரர் மறந்திரார். எச்சரித்த அறிஞரின் குரல் எடுபடவில்லை. அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்த்தப்பட்டபோதும், பெரும்போக நெல் விளைச்சல் வீழ்ந்து நட்டம் வயலிலேயே விழுந்தது. அரசாங்கத்தின் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் அறிஞன் பேசத் தயங்குவான். மாணவன் செலுத்தும் கட்டணத்தை மட்டும் நம்பியிருக்கும் கலாசாலையும் பேசாது. வாடிக்கையாளன் மனம் நோகுமே என்று அஞ்சும். தன் முதல்நிதியின் வருவாயில் நிற்கும் கலாசாலையே இருவருக்கும் அஞ்சாது உண்மை கூறும். ஆகவே தரும நிதி என்பது வெறும் பணக் கணக்கன்று, சுதந்திரத்தின் கணக்குமாகும்.

எதிர்ப்போருக்கு ஒரு வார்த்தை

இலவசக் கல்வியைக் காக்கவென்று எழுவோரை நாம் மதிக்கின்றோம். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த அந்த ஏற்பாடு இல்லையேல், எமது ஊர்களின் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலைக் கண்டிரார். தனியார் கலாசாலைகள் பெருகிவிட்டன என்று கூறி அரசாங்கம் தன் பல்கலைக்கழகங்களுக்குரிய பணத்தைக் குறைக்குமாயின், அதனை எதிர்ப்போர் வரிசையில் முதலில் நாம் நிற்போம். ஆனால் கதவு மூடப்பட்ட நால்வரில் மூவரை நோக்கி, "கொள்கை காக்கப்பட்டது, நீர் வீட்டுக்குப் போம்" என்று சொல்வது எந்த நீதி? வசதி உள்ளவன் மகன் விமானம் ஏறி விடுகிறான். வசதியற்றவன் மகள் அல்லவா வீட்டில் இருக்கிறாள்? தரும நிதியில் நடக்கும் கலாசாலையை எதிர்ப்பதால் காக்கப்படுவது இலவசக் கல்வியன்று, கடைக் கல்வியே.

பெற்றோர் கேட்க வேண்டியவை

உறுதியைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் ஒவ்வொரு தாயும் தகப்பனும் நான்கு கேள்விகளைக் கேட்பாராக. முதலாவது: இப் பட்டத்தை எவர் அங்கீகரித்துள்ளனர்? உள்ளூர்ப் பட்டமாயின் சட்டப்படி அங்கீகாரம் பெற்றதா? வெளிநாட்டுப் பட்டமாயின் அப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா? தொழிலுக்குப் பதிவு வேண்டுமாயின் உரிய சபை பதிவு செய்யுமா? வாய்ச்சொல்லை நம்பற்க, எழுத்திற் பெறுக. இரண்டாவது: கற்பிப்போர் எவர்? நிலையான விரிவுரையாளரா, மணிக்கணக்குக்கு வந்து போவோரா? மூன்றாவது: சென்ற ஆண்டுகளில் வெளியேறியோர் எங்கே, என்ன தொழிலில் இருக்கின்றனர்? விளம்பரத்தில் சிரிக்கும் முகத்தையன்று, ஊரில் இருக்கும் பழைய மாணவனைத் தேடிக் கேட்க. நான்காவது: இடையில் நிலையம் மூடப்பட்டாலோ பிள்ளை நோயுற்றாலோ கட்டிய பணம் திரும்புமா? இந் நான்குக்கும் நேரான விடை தர மறுக்கும் நிலையத்துக்குக் காணியை மட்டுமன்று, ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் ஈடாக வையாதீர்.

எவர் செய்வது?

பணம் எங்கே என்ற கேள்வி எழும். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய மரபு எம் மண்ணில் உண்டு. கோயிலுக்கும் மடத்துக்கும் வயலையும் தோட்டத்தையும் தருமசாதனம் எழுதி வைத்தவர் எமது முன்னோர். 1983இன் பின் கடல் கடந்து சென்ற எம்மவர் அனுப்பும் பணத்தில் கோபுரங்கள் உயர்ந்துள்ளன. கலியாண மண்டபங்கள் ஒளிர்கின்றன. கோயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கோபுரத்துக்கு ஒரு வருணம் குறைத்து, அப் பணத்தை ஒரு கலாசாலையின் முதல்நிதியில் இட்டால் இறைவன் கோபிக்கமாட்டான் என்றே சொல்கின்றோம். அந் நிதியின் கணக்கு ஆண்டுதோறும் பத்திரிகையில் வெளிவரல் வேண்டும். மூன்றில் ஓரிடமாவது வறிய மாணவருக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்படல் வேண்டும். இவ்விரண்டும் சாசனத்திலேயே எழுதப்படல் வேண்டும். நடத்துவோரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

தொழிலறிஞருக்கு ஒரு விண்ணப்பம். சட்டத்தரணிகளே, தருமசாதனத்தை ஓட்டையில்லாமல் எழுதித் தாருங்கள். கணக்காளர்களே, அதன் கணக்கைப் பரிசோதியுங்கள். வைத்தியர்களே, பொறியியலாளர்களே, வாரத்தில் ஒரு மாலை வேளையைக் கற்பித்தலுக்கு ஒதுக்குங்கள். கிறீன் செய்தது போல உங்கள் துறையில் ஒரு நூலைத் தமிழில் எழுதுங்கள். நீங்கள் கற்ற கல்வியில் ஒரு பங்கு இந்த மண்ணின் வரியாலும் வியர்வையாலும் வந்தது. அக் கடன் இன்னும் தீரவில்லை.

கமக்காரருக்கும் ஒரு விண்ணப்பம். அத்தகைய கலாசாலையில் நீங்கள் கைகட்டி நிற்கும் பார்வையாளர் அல்லீர். மண்ணின் நிறத்தைக் கண்டே நீர் விடும் நாளைச் சொல்லும் அறிவு எந்த நூலிலும் இல்லை. அதனைக் கற்பிக்க வேண்டியவர் நீங்களே. விரிவுரையாளரோடு சமமாய் அமர்ந்து, ஊதியம் பெற்றுக் கற்பிக்க வேண்டும். தரும நிதிக்குப் பணம் தர இயலாதோர், செய்கை பண்ணாது கிடக்கும் இரண்டு பரப்புக் காணியைப் பயிற்சித் தோட்டமாகக் குத்தகைக்கு ஈயலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு சொல். அங்கீகாரம் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. கல்லூரியின் கணக்கையும் தரத்தையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவை மூன்று மொழியிலும் வெளியிடுக. இலாப நோக்கற்ற தரும நிதிக் கலாசாலைக்கு வரி விலக்கும், யுத்த காலத்தில் கைப்பற்றப்பட்டு இன்றும் திருப்பிக் கொடாத பொதுக் காணிகளில் ஒரு பங்கும் அளித்திடுக. வடக்கிலும் கிழக்கிலும் கல்விக்கு இடம் கேட்பது சலுகை கேட்பதன்று.

நாம் ஒரே நாளில் பல்கலைக்கழகம் கட்டச் சொல்லவில்லை. முப்பது மாணவர், ஐந்து ஆசிரியர், ஒரு தோட்டம், ஓர் ஆய்வுகூடம், பூட்டிய பெட்டியில் ஒரு தருமசாதனம். இவ்வளவே முதலாண்டுக்குப் போதும்.  அடுத்த பெறுபேறு வெளிவரும் நாளில், எங்கோ ஒரு வீட்டில், ஒரு தகப்பனார் பெட்டியைத் திறந்து உறுதியைப் பார்த்துவிட்டு, அதனை இருந்த இடத்திலேயே வைத்து மூடட்டும். அவருடைய மகளும் மறுநாள் காலை கலாசாலைக்குப் புறப்படட்டும்.